பாவம் என்னுஞ் சொல்லின் பொருளும் வரலாறும்
(சைவாசிரியர்க்கு ஒரு பாடவுரை)

சைவப் பாடசாலைகளிற் சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாடோறும் எடுத்தாளுஞ் சொற்களுள்ளே 'பாவம்' என்பதும் ஒன்று. கொலை பாவம் என்கின்றோம். களவு பாவம் என்கின்றோம். நம் திருக்கோணமலையிலே கோணேசர் ஆலயத் தீர்த்தத்தின் பெயர் பாவநாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். மழையில் நனைந்து நடுங்கும் நாய்க்குட்டியைக் கண்டவிடத்து, 'ஐயோ, பாவம்!' என்றும் சொல்கின்றோம். ஒரு சொல் இத்துணை வேறுபட்ட இடங்களில் வழங்கும்போது, வகுப்பிலிருக்கும் பிள்ளை அதற்கு எப்பொருளை மனத்திற் கொள்கின்றது என்பதை நம்மிற் பலர் ஆராய்வதில்லை.

ஆராயாமையால் வருங் கேடு சிறிதன்று. பிழை செய்த பிள்ளையை நோக்கி, 'நீ செய்தது பாவம்' என்பது ஒன்று. 'நீ பாவி' என்பது மற்றொன்று. முன்னையது செயலைக் குறித்து நின்று, திருந்துதற்கு வழி விடுகின்றது. பின்னையது உயிரைக் குறித்து நின்று, வழியை அடைக்கின்றது. சைவ நூல்களிற் பாவம் என்பது உயிராற் செய்யப்படுவது; உயிருக்கு இயல்பாவதன்று. இந்த ஒன்றை நிலைநாட்டுதலே இக்கட்டுரையின் கருத்தாம். அதன்பொருட்டுச் சொல்லின் உருவத்தையும், அது வந்த வழியையும், அதனோடு ஒப்பிடப்படும் பிறமொழிச் சொற்களையும் முறையே நோக்குவாம்.

சொல்லின் உருவம்

பாவம் என்பது வடமொழியிற் 'பாப' என்பதன் தமிழ் உருவம். வடமொழிச் சொற்கள் தமிழில் வருங்கால், இரண்டு உயிர்களுக்கு இடையே நின்ற பகரம் வகரமாதல் பெருவழக்கு. தபம் என்பது தவம் ஆயிற்று. உபமை உவமை ஆயிற்று. கபாடம் கவாடம் ஆயிற்று. நாம் வாழும் நிலத்தைக் குறிக்குந் தீவு என்னுஞ் சொல்லும் 'த்வீபம்' என்பதிலிருந்து இவ்வாறே வந்தது. பாபம் பாவமானதும் இந்நெறியாலேயாம். தமிழ்நாட்டிலே தஞ்சைப் பக்கத்தும் பொருநையாற்றங் கரையிலும் உள்ள ஊர்கள் பாபநாசம் என்று பகரத்தோடு எழுதப்பட, நம் தீர்த்தம் பாவநாசம் என்று வகரத்தோடு வழங்குவதை மாணாக்கர்க்குக் காட்டினால், இவ்விதி எளிதில் விளங்கும்.

இவ்விடத்து ஆசிரியர் ஓர் எச்சரிக்கையை மறவாதிருத்தல் வேண்டும். பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகள் 'பாவம்' என்று சொல்வது வேறு சொல். அது வடமொழியில் நான்காம் பகரத்தை முதலாக உடையது. ஆதல் என்னும் பொருளுடைய அடியிற் பிறந்து, மனக்குறிப்பை உணர்த்துவது. அவ்வடியிற் பிறந்ததே பிறப்பு என்னும் பொருளுடைய 'பவம்' என்பதும். தமிழ் நெடுங்கணக்கிற் பகரம் ஒன்றேயாதலின், வேறு வேறு பிறப்புடைய இச்சொற்கள் ஓரினமாய்த் தோன்றுகின்றன. பவக்கடல் என்பதைப் பாவக்கடல் என்று பொருள் கொள்ளும் மாணாக்கரை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். பவக்கடலாவது பிறவிக்கடல். பிறவியும் பாவமும் ஒன்றல்ல. இவ்வேற்றுமை தெரியாத பிள்ளை, பிறந்ததே பாவம் என்று எண்ணத் தலைப்படும்.

வடநூலார் கூறும் பொருள்

வேதச் சொற்களுக்குப் பொருள் ஆராய்ந்த யாஸ்கர் தம் நிருத்தத்திலே பாபன் என்பதற்குச் சில வழி கூறுகின்றார். பருகத்தகாததைப் பருகுவோன் என்பது ஒன்று. மீண்டும் மீண்டும் கீழ்நோக்கி விழுவோன் என்பது மற்றொன்று. பிற்கால நிகண்டுரையாளர், எதனினின்றும் ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டுமோ அது பாபம் என்று காத்தற்பொருளடியிலிருந்து விரித்தனர். இக்கால மொழிநூலார் இவற்றைச் சொற்பிறப்பின் துணிபாகக் கொள்ளார். கொள்ளாராயினும், நம் முன்னோர் அச்சொல்லைக் கேட்டபோது என்ன நினைந்தனர் என்பதற்கு இவை சான்றாகும். பருகுதல், விழுதல், காத்தல் என்னும் மூன்றும் வினைகள். பாபத்தை அவர்கள் செயலோடு சேர்த்தே எண்ணினர் என்பது இவற்றாற் பெறப்படும்.

தமிழ் நூல் வழக்கு

தமிழில் இப்பொருளைத் தரும் பழஞ்சொற்கள் பல. தீவினை, பழி, குற்றம், மாசு, இழுக்கு, ஏதம் என்பன அவற்றுட் சில. வடசொல் வந்தபின் இவை வழக்கொழிந்து போகவில்லை. ஒவ்வொன்றும் தன் தன் எல்லையில் நின்றது. தெய்வப்புலமைத் திருவள்ளுவர் பிறனில் விழையாமை அதிகாரத்தில், அயலான் மனைவியிடத்துச் செல்வோனை விட்டு நீங்காதன பகை, பாவம், அச்சம், பழி என்னும் நான்கும் என்றார். பாவத்தையும் பழியையும் அவர் வேறு வேறாக எண்ணியது நோக்கத்தக்கது. பழியாவது உலகம் அறிந்து கூறுவது. பாவமாவது உலகம் அறியினும் அறியாவிடினும் செய்தவனைச் சேர்வது. ஒருவரும் காணாமற் செய்த களவுக்குப் பழி வாராதொழியலாம்; பாவம் வாராதொழியாது. மாணாக்கருக்கு இதனினும் பயனுள்ள சொற்பொருட் பாடம் வேறில்லை.

இன்னும் அவர், தீவினையச்சம் என்று ஓர் அதிகாரம் வகுத்து, தீயசெயல் தீயினும் அஞ்சப்படும் என்றார். அங்கே அஞ்சுமாறு கூறப்பட்டது செயல். அழுக்காற்றையும் வறுமையையும் 'பாவி' என்று இரண்டிடங்களிற் கூறினார். கொடியவனைப் பாவி என்று சொல்லும் வழக்கு உண்டாதலின், தன்னை உடையவனைக் கெடுக்குங் கொடுமை பற்றி அழுக்காறு அவ்வாறு சொல்லப்பட்டது என்பது பரிமேலழகருரையின் கருத்து. பொறாமைகொண்ட மாணாக்கனைப் பாவி என்னாது, அவனைப் பற்றிய பொறாமையைப் பாவி என்று காட்டுதல் எத்துணை நயமுடைத்து!

மணிமேகலை பௌத்த காப்பியமாயினும், தீவினையைப் பத்தாக வகுத்துக் கூறும் அதன் முறை ஆசிரியர்க்குப் பெரிதும் உதவும். உடம்பிற் றோன்றுவன கொலை, களவு, காமம் என மூன்று. சொல்லிற் றோன்றுவன பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்கு. உள்ளத்திற் றோன்றுவன வெஃகல், வெகுளல், பொல்லாக்காட்சி என மூன்று. சைவநூல்கள் மனம் வாக்குக் காயம் என்று வகுக்கும் முறையும் இதனோடு ஒத்து நடக்கின்றது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் சைவ வினாவிடையிலே புண்ணிய பாவங்களுக்கென ஓர் இயல் வகுத்தார்கள். அங்கேயும் பாவம் என்று எண்ணப்பட்டன கொலை களவு முதலிய செயல்களே.

மேனாட்டுச் சொற்கள்

நாம் இளமையில் மிஷன் பாடசாலையிற் பயின்றவராதலின், இங்கிலீஷ் மொழியிற் 'சின்' என்னுஞ் சொல்லையும் அதன் விளக்கங்களையும் சிறுவயதிலேயே கேட்டறிந்தோம். 'சின் என்றால் குறி தவறுதல். அது வில்லாளர் சொல்' என்று சொல்வார் இன்றும் பலர். இது பாதி உண்மை. குறி தவறுதல் என்னும் பொருள் இங்கிலீஷ்ச் சொல்லுக்குரியதன்று; அச்சொல்லால் மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்க எபிரேயச் சொற்களுக்குரியது. 'ஹமர்த்தியா' என்னுங் கிரேக்கச் சொல்லின் வினையை ஹோமர் தம் காப்பியத்தில் எறிந்த ஈட்டி குறி தவறியதற்கு ஆள்கின்றார்; அரிஸ்டாட்டில் தம் நாடக இலக்கணத்தில் 'ஹமர்த்தியா' என்பதைத் தலைவனை வீழ்த்தும் பிழைக்கு ஆள்கின்றார். 'ஹத்தாத்' என்னும் எபிரேயச் சொல்லின் அடியும் அத்தகையதே. பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 20ஆம் அதிகாரத்திலே, மயிரிழை தப்பாமற் கவண்கல் எறிய வல்லாரைப் பற்றிச் சொல்லுமிடத்துத் தப்புதல் என்பதற்கு அவ்வடியே வந்துள்ளது. முஸ்லிம்கள் ஓதும் அறபு மொழியில் 'கத்தீஆ' என்பது இதற்கு இனமான சொல்.

இங்கிலீஷ்ச் சொல்லின் குடிவழி வேறு. செருமானிய மொழியில் 'சூண்ட' என்பது அதற்கு உறவு. குற்றவாளி என்னும் பொருளுடைய 'சோன்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் உறவென்பர். இவையெல்லாம் இருத்தல் என்னும் பொருளுடைய ஓரடியிற் பிறந்து, 'உண்மையில் இவனே அதனைச் செய்தவன்' என்று துணியப்பட்டவனைக் குறித்தன என்பது மொழிநூலாருட் பெரும்பாலார் கருத்து. அவ்வடியே வடமொழியிற் 'சத்' என்பதற்கும் அடி. உள்பொருளைக் குறிக்கும் உயர்ந்த சொல்லும், பாவத்தைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லும் ஒரு வயிற்றுப் பிறந்தன என்றால் வியப்பாகின்றதன்றோ! இதனால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. சொல் பிறந்த இடம் அதன் பொருளைக் கட்டுப்படுத்தாது. வழங்குவோர் கருத்தே பொருளை ஆக்குகின்றது. ஆதலாற் பாவம் என்பதற்குப் பொருள் துணியும்போது, யார் வாயில், எந்நூலில் அது வழங்குகின்றது என்று வினாவுதல் இன்றியமையாதது.

ஓரெழுத்து, ஈர்பொருள்

கிறிஸ்தவ நூல்கள் தமிழில் 16ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறின. தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சாயிற்று. 1714, 1715ஆம் ஆண்டுகளிலே சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் மேற்பார்வையில் நாவலரவர்கள் துணைநின்று முடித்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் அச்சிடப்பட்டது. மேற்கூறிய எபிரேய, கிரேக்கச் சொற்களுக்குப் பாவம் என்னுஞ் சொல்லே தமிழில் நிலைபெற்றது. நாட்டில் வழங்கிய சொல்லைக் கொண்டு தம் பொருளை உணர்த்துதல் மொழிபெயர்ப்பாளர்க்கு இயல்பாதலின், இதிற் குறைகூற இடமில்லை.

ஆயினும், பழைய பாத்திரத்திற் புதிய பொருள் பெய்யப்பட்டது என்பதை நாம் உணர்தல் வேண்டும். கிறிஸ்தவ சமயத்திலே பாவம் என்பது தனிச்செயலை மட்டுமன்றி, மனிதன் இறைவனைப் பிரிந்து நிற்கும் நிலையையுங் குறிக்கும். முதன்மனிதன் மீறுதலால் அவன் வழியினர்க்கெல்லாம் வந்ததென்று அவர் கூறும் 'ஜென்மபாவம்' இந்நிலையைச் சுட்டுவது. அந்நிலை மனிதன் முயற்சியால் நீங்காது. இறைவன் கிருபையால் மன்னிக்கப்படல் வேண்டும் என்பது அவர் கோட்பாடு. அது தன்னளவிற் பொருத்தமும் ஆழமும் உடைய கோட்பாடே. மிஷன் பாடசாலையில் நமக்குக் கற்பித்த ஆசான்மார் அதனை மெய்யான பத்தியோடு கற்பித்தனர். நாம் சொல்வது இவ்வளவே: அவர் நூலிற் பாவம் என்னும் எழுத்துக்கள் தரும் பொருளும், நம் நூலில் அவ்வெழுத்துக்கள் தரும் பொருளும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் கற்பித்தால் இரு சமயத்துக்கும் நீதி செய்தவராகோம்.

சித்தாந்தப் பொருள்

சிவஞானபோத வழிவந்த சாத்திரங்கள் உயிரைப் பற்றிய மலங்களை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகக் கூறும். இவற்றுள் ஆணவம் அநாதி. செம்பிற் களிம்பு போல உயிரோடு உடன் நிற்பது. அதனை எவரும் செய்ததில்லை. எம்முன்னோனும் நமக்கு வைத்துப் போனதில்லை. ஆகவே ஜென்மபாவம் என்பதற்கு ஆணவம் என்று பொருள் சொல்வார் கூற்றுப் பொருந்தாது. முன்னையது ஒரு செயலின் விளைவு. பின்னையது எச்செயலுக்கும் முற்பட்டது. களிம்பு செம்பினைப் பற்றியதேயன்றிச் செம்பின் இயல்பன்று. இறைவன் திருவருளால் அது வலியொடுங்கும்.

பாவமோ கன்மத்தின் ஒரு கூறு. நல்வினை புண்ணியம், தீவினை பாவம். செய்யப்படும்போது அது ஆகாமியம். பயன்கொடுக்கும்வரை கிடக்கும்போது சஞ்சிதம். இப்பிறப்பில் நுகரப்படும்போது பிராரத்தம். செயல், சேமிப்பு, நுகர்ச்சி என்னும் மூன்று நிலையிலும் அது வினையே. நல்வினையும் பிறவிக்கு ஏதுவாதலின், பாவம் இரும்பு விலங்கும் புண்ணியம் பொன்விலங்கும் ஆம் என்று பெரியோர் உவமித்தனர். இவ்வுவமையில் விலங்கு வேறு, விலங்கு பூண்டவன் வேறு. பூண்டவனை விலங்கென்று பெயரிட்டு அழைப்பார் உண்டோ? பாவஞ் செய்த பிள்ளையைப் பாவமே என்று கருதுவதும் அத்தன்மைத்தே.

இங்கே ஒரு தடை நிகழும். 'திருமுறை ஆசிரியர்கள் தம்மைப் பாவியென்று சொல்லவில்லையா? மணிவாசகப் பெருமான் பிடித்தபத்திலே தம்மைப் பாவியேன் என்றாரே' என்பர். அதற்கு விடை இலக்கணத்திலேயே உளது. பாவியேன் என்பது தன்மை. பாவி நீ என்பது முன்னிலை. தன்மையில் நிற்கும்போது அது சிவபெருமான் திருமுன் உருகிய உள்ளத்தின் விண்ணப்பம். முன்னிலையில் மாற்றிப் பிறர்மேல் வைக்கும்போது அது வசை. அருளாளர் தம்மேல் வைத்துக்கொண்ட சொல்லை நாம் குழந்தைமேல் எறிதல் முறையாகாது.

ஐயோ பாவம் என்னும் வழக்கு

இனி, இச்சொல் இரக்கக் குறிப்பாய் வழங்குதலை ஆராய்வாம். துன்புறுவோரைக் கண்டு பாவம் என்பது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலே பாபம் என்பது தீவினைக்கும், பாவம் என்பது ஏழைக்கும் இரங்கத்தக்கவனுக்கும் என இரண்டு உருவும் பிரிந்து வழங்குகின்றன. நம் அயலவராகிய சிங்களர் தீவினையைப் 'பவ்' என்பர்; துன்பங் கண்டவிடத்து 'அனே பவ்' என்பர். துறைமுகத்திலும் சந்தையிலும் இரு மொழியும் கேட்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இவ்வொற்றுமையைத் தாமே அறிவர்.

தீவினையைக் குறித்த சொல் இரக்கத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? துன்பம் முன்வினைப் பயன் என்னுங் கொள்கை மக்கள் உள்ளத்தில் ஊறியிருந்தமையால், துன்பத்தைக் கண்டவர் அதன் காரணத்தின் பெயரால் அதனைச் சுட்டினர் என்று கொள்ளலாம். ஆயின், சுட்டியவர் வெறுக்கவில்லை. ஐயோ என்று இரங்கினர். கொள்கை ஒன்றாயிருக்க, அதனைக் கேட்டு ஒதுங்கிப் போகாது உருகி நின்ற நம் மக்களின் நெஞ்சம் இச்சொல்லிற் பதிந்து கிடக்கின்றது.

இதற்கு மாறான வழக்கும் உண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், சுமாத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியால் எழுந்த ஆழிப்பேரலை நம் மாவட்டத்திலே கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய கரைகளைத் தாக்கிற்று. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்காலத்திலே, தாய்தந்தையரை இழந்த பிள்ளை கேட்கும்படி, 'என்ன பாவஞ் செய்தார்களோ' என்று பேசியவர்களை நாம் கண்டோம். சைவரும் பேசினர், பிற சமயத்தவரும் பேசினர். வினைக்கொள்கையை இவ்வாறு கையாளுதல் அக்கொள்கையை அறியாமையே. எவ்வினை எவ்வுயிர்க்கு எப்போது பயன்கொடுக்கும் என்பதை அறிந்து ஊட்டுபவன் சிவபெருமான் ஒருவனே என்று சாத்திரங் கூறுகின்றது. அவன் கணக்கை நாம் படித்துச் சொல்ல முற்படுதல் தகாது. பிறர் துன்பத்தில் நமக்கு விதிக்கப்பட்டது இரக்கமும் உதவியுமே. அவற்றைச் செய்யாதொழிதல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை ஒருவன் தன் செயலை நோக்கித் திருந்துதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கு. பிறன் முகத்தைச் சுடுதற்குக் கொடுக்கப்பட்ட கொள்ளியன்று.

பாவநாசம்

கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அத்தனை அழிவின் பின்னும் தீர்த்தத்தின் பெயர் மக்கள் நாவில் அழியவில்லை. இப்பெயரே ஒரு பாடமாகும். பாவம் உயிரின் இயல்பாயின், உயிர் அழிந்தாலன்றி அஃது அழியாது. பாவநாசம் என்னும் பெயரே பொருளற்றதாகும். பாவம் நாசமாகும் என்று நம் முன்னோர் பெயரிட்டமையால், அதனை உயிரின் வேறாகவே கண்டனர் என்பது தெளிவு.

நீரில் மூழ்கினால் மட்டும் பாவம் போமோ என்று வினாவும் மாணாக்கனை அதட்டாதிருத்தல் வேண்டும். அவ்வினா திருநாவுக்கரசு சுவாமிகள் முன்னரே எழுப்பியது. ஐந்தாந் திருமுறையில் அவர் அருளிய ஒரு பதிகத்திற்குப் பாவநாசத் திருக்குறுந்தொகை என்றே பெயர். எங்கும் ஈசன் உளன் என்று உணராதார்க்குக் கங்கையும் காவிரியும் குமரியும் கடலும் ஆடியும் பயனில்லை என்பது அங்கே அவர் உணர்த்துங் கருத்து. தீர்த்தத்தை அவர் இகழவில்லை. தீர்த்தமாடுவான் நெஞ்சையே வினாவினார். செய்ததை உணர்தல், வருந்துதல், இனிச் செய்யாதொழிதல், கெடுத்ததைச் சீர்செய்தல், இறைவனை வழிபடுதல் என்பன கூடியவிடத்தே தீர்த்தம் தீர்த்தமாகும்.

வகுப்பிற் கற்பிக்கும் முறை

கீழ்வகுப்புக்களிற் பாவம் என்பதற்குப் 'பிற உயிருக்கும் தனக்குங் கேடு தருஞ் செயல்' என்று பொருள் கூறி, உடம்பு, சொல், மனம் என்னும் மூன்றாலும் நிகழ்வனவற்றுக்குப் பிள்ளைகளின் வாழ்விலிருந்தே உதாரணங் காட்டுக. அடுத்தவன் பென்சிலை எடுத்தல், கோள் சொல்லுதல், தோழன் பெற்ற பரிசுக்கு மனம் புழுங்குதல் என்பன போதும். நடுவகுப்புக்களிற் பாவம், பழி, குற்றம், தீவினை என்பவற்றின் வேற்றுமையை வாக்கியங்களில் அமைத்துக் காட்டச் செய்க. மேல்வகுப்புக்களில் மும்மலப் பொருளோடு சேர்த்து விளக்குக. பிற சமயப் பிள்ளைகள் உடனிருக்கும் வகுப்பாயின், அவர் சமயத்தில் இச்சொல் தரும் பொருளையும் மரியாதையோடு ஒருமுறை கூறுதல் நன்று. எவ்வகுப்பிலாயினும் 'பாவி' என்னும் விளியை ஆசிரியர் தம் நாவினின்றும் நீக்குக.

மாணாக்கரை வினாவத்தக்கன சில வருமாறு:

1. தவம், தீவு, பாவம் என்னுஞ் சொற்கள் வடமொழியிலிருந்து வந்தபோது அடைந்த மாற்றம் யாது?
2. பவம், பாவம் என்பவற்றின் வேற்றுமை யாது?
3. ஒருவரும் அறியாத களவிற் பழியுண்டோ? பாவமுண்டோ?
4. பாவியேன் என்று வழிபடுதற்கும், பாவி என்று பிறரை வைதற்கும் உள்ள வேற்றுமை யாது?
5. துன்புறும் ஒருவரைக் கண்டபோது சைவர் செய்யத்தக்கது யாது?

ஐந்தாம் வினாவுக்கு மட்டும் ஏட்டில் எழுதப்பட்ட விடையைக் கொண்டு அமையாதொழிக. வாரந்தோறும் ஒரு பிள்ளையின் செயலில் அவ்விடையைத் தேடுக. கண்டவிடத்து, அதனை வகுப்பறிய எடுத்துச் சொல்லி, அதற்குப் புண்ணியம் என்று பெயரிடுக.

திருச்சிற்றம்பலம்.